கதவு போடும்வரை

வலிகாமத்தில் எந்த ஒழுங்கைக்குள் என்னை இறக்கிவிட்டாலும், நான் கட்டிய வீடு ஒன்றைக் காட்டாமல் வெளியே வரமாட்டேன். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பிறகு சாந்துச் சட்டி தலையில் ஏறியது. சட்டி சுமந்தவன் கரண்டி பிடித்தேன், கரண்டி பிடித்தவன் ஆட்களை வைத்து வேலை செய்விக்கிற கொந்தராத்துக்காரன் ஆனேன். ஒரு சுவர் சாய்ந்து நின்றால் தூக்குக்குண்டு விடாமல், வாசல் படலையில் நின்றபடியே சொல்லிவிடுவேன். நான் பூசிய சுவரில் ஷெல் துண்டு பட்டுத் துளை விழுந்திருக்கிறது, வெடிப்பு விழுந்ததில்லை.

எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூன்று பேருக்கும் மூன்று கல்வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரிடமும் கை நீட்டவில்லை. இப்போது மூன்று பேரும் வெளிநாட்டில். இரண்டு வீடுகளை விற்றுவிட்டார்கள். மூத்தவளின் வீடு இணுவிலில் இருக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அதன் பின்னறையில் நான் இருக்கிறேன். முன் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பும் என்னிடம்தான்.

நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, என்னோடு வேலை செய்த ஒருவனைப் பற்றி. நான் கட்டினேன் என்று காட்டுகிற வீடுகளில் பாதிக்கு மேல் அவன் கையால் எழுந்தவை. நான் நூல் பிடிப்பேன், அவன் கல் வைப்பான். அவன் மனைவி சாந்து குழைப்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவனுடைய ஊர் வடக்குக் கரைப் பக்கம். சண்டைக் காலத்தில் சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவன் பள்ளிக்கூடப் பொடியன். பிறகு அந்த நிலத்தைச் சுற்றி ஆமிக்காரரின் கம்பிவேலி வந்தது. தாயும் தகப்பனும் அகதி முகாமில்தான் கண்ணை மூடினார்கள். அவனும் முகாமில் இருந்தபடியே கல்யாணம் முடித்து, அங்கிருந்து சைக்கிளில் என்னிடம் வேலைக்கு வந்தான். ஒரு மாரி மழைக்கு அவர்களுடைய கொட்டில் விழுந்துபோனது. வேலைத்தளத்திலேயே வந்து இருங்கள் என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் பக்கம் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இந்த முறை தெரியும். வளவில் சீமெந்து, கம்பி, மரம் எல்லாம் கிடக்கும். காவலுக்கு ஆள் வேண்டும். மூலையில் ஒரு தகரக் கொட்டில் போட்டு ஒரு குடும்பத்தை இருத்துவோம். கூரை ஏறியதும் அவர்கள் கொட்டிலை விட்டு, குசினிப் பக்கத்து அறை ஒன்றுக்குள் வந்துவிடுவார்கள். முன் ஹோலில் பாய் விரிக்க மாட்டார்கள். யாரும் சொல்லித் தெரிந்த முறையல்ல அது. கடைசியில் கதவு போடுகிற ஓடாவியார் தன் பெட்டியோடு வருவார். அவர் கதவைத் தாங்குகிற பிணைச்சலை நிலையில் பூட்டத் தொடங்கும்போது இவர்கள் பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்த வளவு, அடுத்த கொட்டில்.

போவதற்கு முன் அவன் மனைவி ஒரு வேலை செய்வாள். அடுப்பு மூட்டிய இடத்துச் சுவரில் பிடித்த கரியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, அதன்மேல் வெள்ளை அடித்துவிடுவாள். பிறகு நல்ல நாளில் குடிபூரல் நடக்கும். வீட்டுக்காரர் புதுப் பானையில் பால் பொங்க வைத்து, இந்தக் குசினியில் எரிகிற முதல் நெருப்பு தன்னுடையது என்று நினைத்துக் கும்பிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் குசினியில் மாதக்கணக்கில் அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை நானே சாப்பிட்டிருக்கிறேன்.

வேலையாட்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள். "உவர் பெரிய ஆள். பழைய வீட்டிலை உவருக்கு நித்திரை வராது, புதுசு புதுசாய் வேணும்" என்பார்கள். அவனும் விடமாட்டான்.

"ஓம், கதவில்லாத வீடெல்லாம் எங்கடை வீடுதான். கதவு போட்டால் நாங்கள் வெளியிலை" என்பான்.

எல்லோரும் சிரிப்போம். அவள் மட்டும் சாந்தைக் கிளறிக்கொண்டு நிற்பாள்.

சண்டை முடிந்து வீட்டுத்திட்டங்கள் வரத் தொடங்கியபோது, நான் அவனிடம் மார்பைத் தட்டிச் சொன்னேன், உனக்கொரு வீடு எடுத்துத் தருவது என் பொறுப்பு என்று. ஊர்ச் சனத்தின் பதிவைப் பார்க்கிற விதானைமாரில் என்னை அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. நான் கட்டிய வீட்டில் இருக்கிற விதானைமாரே இருக்கிறார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டு, அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன்.

அங்கே வீட்டுத்திட்டத்தைப் பார்த்தவள் ஒரு இளம்பெண். மரியாதையான பிள்ளை, எங்களை இருத்திவிட்டுத்தான் தான் இருந்தாள். அவள் விளக்கிச் சொன்னது இதுதான். காணி உள்ளவர்களுக்கு ஒரு திட்டம், அவர்கள் தங்கள் காணியில் கட்டிக்கொள்ளலாம். காணி இல்லாதவர்களுக்கு இன்னொரு திட்டம், அரசாங்கம் ஒரு துண்டு நிலம் பார்த்துக் கொடுக்கும். முகாமில் இருப்பவர்களுக்கு வேறாக ஒன்று. இவர்கள் எதில் என்று அவளுக்கும் பிடிபடவில்லை.

"ஐயா, இவைக்குக் காணி இருக்கு. உறுதிப் பத்திரமும் கையிலை வைச்சிருக்கினம். அப்ப காணியில்லாத ஆக்கள் எண்டு போடேலாது."

"காணி கம்பிவேலிக்கு உள்ளை கிடக்கு, பிள்ளை. உள்ளை போய்க் கல்லு வைக்க விடுவினமோ?"

"விட்டால் உடனை குடுக்கலாம்."

"முகாம் ஆக்கள் எண்டு போடுங்கோவன்."

"முகாமிலை இருந்து எப்பவோ வெளிக்கிட்டிட்டினமே, ஐயா. இப்ப எந்த விதானையார் பிரிவு?"

எந்தப் பிரிவைச் சொல்வது? அந்த மாதம் அவர்கள் இருந்தது உரும்பிராயில் ஒரு டொக்டர் கட்டிய வீட்டில். அதற்கு முன் கோண்டாவில், அதற்கு முன் மானிப்பாய். எந்த ஊர் விதானையாரும் இவர்கள் என் ஊர்ச் சனம் என்று கையெழுத்து வைக்கமாட்டார். வைத்தாலும், வீடு யாருக்கு என்று தெரிவதற்குப் போடுகிற புள்ளி பிள்ளை இல்லாத குடும்பத்துக்குக் குறைவு. அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றாள். பிறகும் பலமுறை போனேன். கதிரையில் ஆட்கள் மாறினார்கள், அடுத்த கட்டம் என்ற சொல் மட்டும் மாறவில்லை. அவனுடைய ஊரில் கம்பிவேலி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனது. அவன் காணி வரைக்கும் பின்னுக்குப் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தன் வளவுப் பனைகளை எனக்குக் காட்டியிருக்கிறான்.

வீட்டுத்திட்டம் கிடைத்தவர்கள் எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்றும் இல்லை. முதல் பங்கு காசு வந்தது என்று இருந்த கொட்டிலையும் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டார்கள். பிறகு ஆட்சி மாறியது, காசு நின்றது. அரைச் சுவரோடு நின்ற வீடுகளுக்குள் வேம்பு முளைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு சீமெந்து விலை ஏறியது. ஏறி ஏறி, காசு கொடுத்தாலும் சீமெந்து இல்லை என்ற நிலை வந்தது. என் வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. வேலை நின்றால் மற்றவர்களுக்குக் கூலி நிற்கும். இவர்களுக்கு இருக்கிற இடமும் நின்றுபோகும். அப்போதுதான் அந்த இரண்டு பேரும் வாழ்க்கையில் முதன்முறையாக வாடகைக்குப் போனார்கள்.

முதலில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு அறை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கிற வாடகையை இவர்கள் எப்படிக் கொடுப்பது? தள்ளிப் போனார்கள். அங்கேயும் தைப்பொங்கலோடு வாடகை ஏறியது. இன்னும் தள்ளிப் போனார்கள். அதே ஒழுங்கைகளில் வெளிநாட்டுக்காரரின் வீடுகள் மேல்மாடியோடு பூட்டிக் கிடந்தன. ஆளை இருத்தினால் பத்து வருஷத்தில் வீட்டுக்கு உரிமை கேட்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அப்படிப் பூட்டிய வீடுகளின் முற்றத்தைக் கூட்டுவதற்கு அவன் மனைவியைத்தான் நான் ஏற்பாடு செய்து கொடுத்தேன். அவள் பத்து அறை உள்ள வீட்டின் முற்றத்தைக் கூட்டிவிட்டு, பாய் விரிக்க இடமில்லாத அறைக்குத் திரும்பிப் போவாள்.

போன வருஷம் அவன் இளைக்கத் தொடங்கினான். கூட்டிக்கொண்டு போய்த் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் காட்டினேன். அங்கே அவனை நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் நோய் முற்றிவிட்டிருந்தது. கடைசியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இங்கே வைத்திருப்பதில் பலனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சந்தோஷமாக வைத்திருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். வீடு என்ற சொல்லை எத்தனையோ வருஷம் விற்றுச் சாப்பிட்டவன் நான். அன்று அந்தச் சொல்லோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன்.

அவர்கள் இருந்த அறையின் வீட்டுக்காரியிடம் போனேன். அவவும் கெட்டவ இல்லை. மகளுக்குக் கல்யாணம் பேசி நாள் வைத்திருந்தார்கள். செத்தவீடு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியம் ஒன்றும் செய்ய முடியாது, பிறகு கல்யாணப் பேச்சே குழம்பும். நோயாளியைக் கொண்டுவர வேண்டாம், இந்த மாத வாடகையும் வேண்டாம் என்று கண்கலங்கிச் சொன்னா. வாடகைக்கு இருக்கிற சனத்துக்கு எங்கள் ஊரில் இப்படி ஒரு கஷ்டம் இருக்கிறது. வாழ்வதற்கு வாடகைக்கு இடம் எடுக்கலாம், சாவதற்கு எடுக்க முடியாது. பிரேதம் ஒரு வீட்டு முற்றத்திலிருந்து வெளிக்கிட வேண்டும். முற்றம் இல்லாதவன் எங்கிருந்து வெளிக்கிடுவது?

அவனுக்கும் அதுதான் யோசனை. நோவைப் பற்றிக் கதைக்கமாட்டான். "அண்ணை, என்னை எங்கை வைச்சுத் தூக்குவியள்?" என்று மட்டும் கேட்டான்.

"நான் இருக்கிறன்" என்றேன். இத்தனை வீடு கட்டியவனுக்கு ஒரு முற்றம் கிடையாதா?

மூத்த மகளுக்குப் போன் எடுத்தேன். அவனை மாமா என்று கூப்பிட்டு, அவன் மடியில் இருந்து வளர்ந்தவள் அவள். அந்த இணுவில் வீட்டுக்குக் கல் வைத்ததும் அவன்தான். அவள் கேட்டதும் அழுதாள். அழுதுவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, வெளிநாட்டிலை இருந்து வாற ஆக்களுக்கு வீட்டை நாள்வாடகைக்குக் குடுக்கப் போறம். உங்கடை மருமோன் எல்லாம் ஒழுங்குபண்ணிப்போட்டார். அங்கை செத்தவீடு நடந்தது எண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் வரமாட்டினம். மாமாவுக்குத் தேவையான காசு எவ்வளவெண்டாலும் அனுப்பிறன்."

"காசு கேக்கேல்லை, பிள்ளை."

"விளங்குதப்பா."

திறப்பு என் மடியில் இருந்தது. கட்டியவன் நான்தான். சீதன உறுதி எழுதிக் கொடுத்தவனும் நான்தான். எழுதிக் கொடுத்த பிறகு அது அவளுடைய வீடு. அதைப் பறித்துக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது என் கையில் ஒரே ஒரு வேலை இருந்தது. புத்தூரில், வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் தன் தாய்க்காகக் கட்டுவித்த வீடு. சுவர்ப் பூச்சு முடிந்து, நிலம் போட்டு முடிந்து, கதவுகள் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் ஒளித்து வேலை செய்கிற ஆள் இல்லை. அந்த மனிதருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கதவு போட்டுக் குடிபூராத வீடு இன்னும் வீடு அல்ல, அது வேலைத்தளம்; அங்கே ஒரு வேலைக்காரன் படுத்திருப்பதால் எந்தத் துடக்கும் ஒட்டாது என்று வாதாடினேன். அவர் எத்தனை நாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், கதவு போடும் வரைக்கும் இருக்கட்டும், ஆனால் அம்மா வருவதற்கு நாள் வைத்தாயிற்று, அதற்கு முன் முடித்துத் தாருங்கள் என்றார். அதற்குமேல் அந்த மனிதரிடம் என்ன கேட்பது?

ஒரு பின்னேரம் அவனை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினோம். பழக்கதோஷத்தில் அவள் பாயை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். நான் மறித்து முன் ஹோலில் விரிப்பித்தேன். அத்தனை வீடு கட்டியவன் முதன்முறையாக ஒரு ஹோலில் படுத்தான். முகட்டைப் பார்த்தான், சுவர்களைப் பார்த்தான்.

"அண்ணை, உந்த மூலைப் பூச்சு சரியில்லை."

அந்த மூலையை நான் பூசியிருந்தேன், அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. என் பூச்சில் பிழை பிடிக்கிற துணிச்சல் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. போய்க் கையால் தடவிப் பார்த்தேன். சரியில்லைத்தான்.

பிறகு அவன் வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். நிலை மட்டும் நின்றது, அதற்குள்ளால் வெங்காயத் தோட்டமும் தண்ணீர் பாய்ச்சுகிற ஆட்களும் தெரிந்தார்கள்.

"கதவு போடேல்லையே?"

"இன்னும் இல்லை."

"அப்ப இருக்கலாம்" என்றான்.

அவன் சிரித்தான். பகிடிக்குச் சொன்னானோ, உண்மையாகவே சொன்னானோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஓடாவியாரை வரவேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன். வீட்டுக்காரர் போன் எடுத்தால், ஓடாவியாருக்குச் சுகமில்லை என்றேன். அடுத்த முறை, பிணைச்சல் வரவில்லை என்றேன். என் தொழில் காலம் முழுவதிலும் சொன்ன நாளுக்கு வேலையை முடிக்காமல் விட்டவன் அல்ல நான். அந்த நாட்களில் எனக்கு அந்தப் பேரைப் பற்றிய கவலையே இருக்கவில்லை. அவள் கஞ்சி வடித்துக் கொடுப்பாள், நான் பக்கத்தில் இருந்து ஊர்ப் புதினம் கதைப்பேன். காற்று அந்த நிலைக்குள்ளால் வந்துபோகும்.

எல்லாவற்றையும் அவன் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். ஒருநாள் காலை என்னைக் கிட்ட வரச் சொன்னான். குரல் எழும்பவில்லை.

"அண்ணை, அந்த மனிசன் நல்லவர். தாய் வரப்போறா. கதவைப் போடுங்கோ."

"நீ சும்மா கிட."

"உங்கடை பேர் கெட்டுப்போகும்."

"கெட்டால் கெடட்டும்."

"எனக்காகக் கெடக்கூடாது." மூச்சு வாங்கினான். "முறை மாத்த வேண்டாம். கதவு போட்டால் நாங்கள் வெளியிலை. தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிலிலை விடுங்கோ."

அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து பாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். சாந்துச் சட்டியின் பாரம்கூட அவனில் இருக்கவில்லை. மிஞ்சிக் கிடந்த சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டிலில் அவனைக் கிடத்தினோம். ஓடாவியாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஓடாவியார் முன் கதவைத் தூக்கிப் பிடிக்க, நானே பிணைச்சல் பூட்டினேன். அது இரட்டைக் கதவு, தேக்கு. முதல் கதவை மாட்டி முடித்தபோது அவள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். கூப்பிடவில்லை, அழவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஓடாவியார் சுத்தியலைக் கீழே வைத்தார்.

பிரேதத்தை வைக்க எந்த முற்றமும் இல்லாததால், சாவுச் சடங்குக்கு மண்டபம் வாடகைக்கு விடுகிற நகரத்து மலர்ச்சாலை ஒன்றில் வைத்தோம். அங்கேயும் மணிக்கணக்குக்குத்தான் இடம். அடுத்த பிரேதம் வெளியே வாகனத்தில் காத்துக்கொண்டிருந்தது. தேவாரம் பாடி முடிய முதலே கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை, படலை வரைக்கும்தான். அவள் அந்த மலர்ச்சாலையின் இரும்புக் கேற்றுவரை வந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போகப் பெண்கள் நிற்பது வழக்கம். கூட்டிப்போக ஒரு உள் இருக்கவில்லை. நாங்கள் சுடலையிலிருந்து திரும்பி வரும்போது, றோட்டுக்கரையில் ஒரு கடை நிழலில் பையோடு நின்றாள்.

"அண்ணை, விளக்கு எங்கை வைக்கிறது?" என்று கேட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை செத்தவருக்கு விளக்கு எரிய வேண்டும். நான் அவளை இணுவிலுக்குக் கூட்டிவந்து, என் பின்னறையில் விளக்கை வைப்பித்தேன். அறையை அவளுக்கு விட்டுவிட்டு, முன் போட்டிக்கோவில் கட்டிலைப் போட்டேன். நான் கட்டிய போட்டிக்கோ, எந்தச் சாய்வு மழைக்கும் தூவானம் உள்ளே வராது. மகள் அங்கிருந்தே பார்க்கிற கமரா ஒன்று வாசலில் பூட்டியிருக்கிறது. ஏன் அப்பா வெளியே படுக்கிறீர்கள் என்று போன் எடுத்துக் கேட்டாள். பின்னறையில் மாமாவுக்கு விளக்கு எரிகிறது என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

அந்தியேட்டி முடிந்து, அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி பிரதேச செயலகத்துக்குப் போனேன். முன்பு இருந்த பிள்ளை மாற்றலாகிவிட்டாள். புதிதாக இருந்தவர் கேட்டுவிட்டுச் சொன்னார், இப்போது இவர் தனி ஆள், தனி ஆளுக்குப் புள்ளி இன்னும் குறையும் என்று. காணி உறுதி அவன் பேரில் இருந்தது. அதை இவள் பேருக்கு மாற்றுவதற்கு வேறு கந்தோருக்குப் போகவேண்டும். அவன் உயிரோடு இருந்தபோது கிடைக்காத வீடு, அவன் செத்ததால் இன்னும் தூரமாகப் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்து, நாங்கள் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மகளின் வாடகைக்காரர் வரத் தொடங்குவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. ஒருநாள் நான் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது பின்னறை கூட்டித் துடைத்திருந்தது. விளக்கு எரிந்த மூலையில் சுவரில் கரி பிடித்திருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி வெள்ளை அடித்துவிட்டுப் போயிருந்தாள். வெள்ளை இன்னும் காயவில்லை. அந்த ஈரச் சுவருக்கு முன்னால் இருந்து நான் அழுதேன்.

புத்தூர் வீட்டில் அந்தத் தாய் சுகமாக இருக்கிறா. கதவு இன்றைக்கும் சத்தமில்லாமல் சாத்துப்படும். போனால் தேத்தண்ணி தருவா. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது செவ்வரத்தை நிற்கிறது.

அவள் நகரத்தில், கட்டிக்கொண்டிருக்கிற ஒரு கடைத்தொகுதியில் காவலுக்கு இருக்கிறாள். அதைக் கட்டுகிறவன் என்னிடம் சட்டி சுமந்து தொழில் பழகியவன். என் சொல்லுக்கு அவனிடம் இன்னும் மதிப்பு இருக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன். படிக்கட்டின் கீழே மூன்று கல் வைத்துச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். கடைகளுக்குக் கதவு இல்லை, இழுத்துப் பூட்டுகிற சட்டர்தான். சட்டர்களைக் கொண்டுவந்து இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதுகளை ஆறுதலாக மாட்டு, ஒரு அவசரமும் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.